பாதிக் குடும்பத்துக்கு வாசல் இல்லை

மலாக்கி: ஒரு ஷில்லிங் மூணு பென்னி. ஒரு உயிரை ஒரு வாரம் பிடிச்சு வைக்க இந்த ஏழைவிடுதியில அதான் விலை. சின்ன உயிருக்குப் பாதி. ஆக, உனக்கும் உன் மகளுக்கும் சேத்து ரெண்டு ஷில்லிங்குக்கு ஒன்றரைப் பென்னி கம்மி.

நாப்லா: விலையெல்லாம் எனக்கு எதுக்குங்கய்யா... உள்ள விட்டாப் போதும்.

மலாக்கி: போதும்னா? அந்தக் காசை எந்த ஊர் தலையில கட்டுறதுன்னு குமாஸ்தா நான் எழுதணும்ல? இந்த விடுதியை நடத்துற போர்டுல இருபது நிலக்காரங்க. ஒவ்வொருத்தரும் 'என் வட்டத்துல எழுதாதே மலாக்கி, பக்கத்து வட்டத்துல எழுது'ன்னு என் கழுத்துல ஏறி உக்காந்திருக்காங்க. கடைசியா நீ எங்க படுத்து எந்திரிச்ச?

நாப்லா: பள்ளத்துல.

மலாக்கி: பள்ளம் எந்த வட்டம்?

நாப்லா: பள்ளத்துக்குக் கூடப் பேர் வெச்சிருக்காங்களா? நிலக்காரரோட ஏஜெண்ட் ஆளுங்க போன புதன்கிழமை வந்து கூரையைப் பிரிச்சுப் போட்டாங்க. அங்கேர்ந்து கூப்பிடு தூரம்.

மலாக்கி: ட்ரம்பான் ஊரா?

நாப்லா: ஆமாங்கய்யா.

மலாக்கி: உங்க நிலக்காரர் கெட்டிக்காரர். வீடு இல்லன்னா ஆளு இல்ல, ஆளு இல்லன்னா வரி இல்ல. சரி... எந்த வட்டத்துலயும் வேண்டாம், பொதுக் கணக்குல எழுதுறேன். பேரு?

நாப்லா: நாப்லா லூபி. அவ பேரு ஊனா. ஆறு வயசு. ஐயா, அவ அங்க அடுப்பாண்ட...

மலாக்கி: என் மதியக் கஞ்சியைக் குடிச்சுக்கிட்டிருக்கா. பாத்தேன். குடிக்கட்டும், மெதுவாக் குடிக்கச் சொல்லு. நாலு நாள் காய்ஞ்ச வயித்துல மடமடன்னு ஊத்தினா அதுவே எமன்.

நாப்லா: நாலு நாள்னு உங்களுக்கு...

மலாக்கி: நான் வெண்ணெய்ச் சந்தையில பொறந்தவம்மா. பீப்பா உருண்டு வர்ற சத்தத்துலயே உள்ள எவ்வளவு இருக்குன்னு சொல்லுவோம். புருசன்?

நாப்லா: செத்துட்டார். எழுதிக்கோங்கய்யா. விதவைன்னு எழுதுங்க.

மலாக்கி: எழுதிட்டேன். நீ வாயைத் திறக்கும் முன்னாடியே எழுதிட்டேன். இருந்தாலும் நாலு கேள்வி கேக்கணும். எங்கப்பா பீப்பாவுக்குள்ள அடி வரைக்கும் துளைக்கோல விடுவார். ஏன்னா மேல வெண்ணெய் இருக்கும், அடியில கல்லு இருக்கும். இங்கயும் அப்படித்தான்.

நாப்லா: என்கிட்ட கல்லு இல்ல.

மலாக்கி: எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. சட்டம் தெரியும்ல?

நாப்லா: எனக்கென்ன சட்டம் தெரியும்?

மலாக்கி: தெரியாதவளா புருசன்னு கேட்ட உடனே 'விதவை, விதவை'ன்னு மணியடிச்ச? ஆம்பளை உயிரோட இருந்தா மொத்தக் குடும்பமும் சேந்து உள்ள வரணும். இல்லாட்டி மொத்தமும் வெளிய. பாதிக் குடும்பத்துக்கு இங்க வாசல் கிடையாது. புருசன் விட்டுட்டு ஓடிட்டான்னு சொன்னா அவன் பேரை வெளிக்கதவுல ஆணியடிச்சுத் தொங்க விடுவோம். கையில கிடைச்சா மூணு மாசம் ஜெயில், கல்லு உடைக்கணும். செத்துட்டான்னா மட்டும்தான் சிக்கல் இல்ல. அதனாலதான் இந்த ஜில்லாவுல இவ்வளவு ஆம்பளைங்க சாகுறாங்க.

நாப்லா: ஊர்ல ஆளுங்க சாகுறது உங்களுக்குக் கேலியா இருக்கு.

மலாக்கி: கேலி பண்ணலன்னா அந்தக் காய்ச்சல் கொட்டகைப் பக்கம் என்னால நடக்க முடியாதும்மா. சொல்லு. என்ன சீக்கு?

நாப்லா: காய்ச்சல்.

மலாக்கி: கறுப்பா, மஞ்சளா?

நாப்லா: ...மஞ்சள்.

மலாக்கி: எத்தனை நாள் கிடந்தான்?

நாப்லா: மூணு நாள்.

மலாக்கி: மஞ்சள் காய்ச்சல்னா அஞ்சு நாள் அடிக்கும், விடும், திரும்ப வந்து அடிக்கும். மூணு நாள்ல முடிச்சுக்கிட்டுப் போனவன் இவன் ஒருத்தனாத்தான் இருப்பான். அவசரக்காரனோ?

நாப்லா: அவசரமா? அவரா? கல்யாணத்தன்னைக்குக் கூட, பாதிரியார் மெழுகுவத்தியை அணைச்சதுக்கு அப்புறம் வந்தவர்.

மலாக்கி: ஹ்ம். சாவுக்கு எத்தனை பேர் வந்தாங்க?

நாப்லா: யாரும் வரல. சாவுக்குப் போக இப்ப யாருக்குக் காலுல தெம்பிருக்கு?

மலாக்கி: அது நல்ல பதில். முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கிட்டு வந்தியா, இப்பத் தோணுச்சா?

நாப்லா: ஐயா...

மலாக்கி: உயரம்?

நாப்லா: செத்தவர் உயரம் எதுக்கு?

மலாக்கி: போர்டு ஐயாமார் கேப்பாங்க.

நாப்லா: கதவுல குனிஞ்சுதான் வருவார்.

மலாக்கி: தலைமுடி?

நாப்லா: செம்பட்டை. முன்னாடி கொஞ்சம் போயிடுச்சு. அதைச் சொன்னாக் கோவம் வரும்.

மலாக்கி: அங்கக் குறை ஏதாவது?

நாப்லா: இடது கையில சுண்டு விரல் இல்ல. கூரைக்கு நாணல் அறுக்கும்போது போனது. 'ஒண்ணு போனாலும் உன்னைக் கட்டிப் பிடிக்க ஒன்பது இருக்கு'ன்னு... இதெல்லாமா ஐயா புத்தகத்துல எழுதுவீங்க?

மலாக்கி: சுண்டு விரலா, மோதிர விரலா?

நாப்லா: சுண்டு விரல்தான்.

மலாக்கி: இடது கை. நல்லா ஞாபகம் இருக்கா?

நாப்லா: எட்டு வருசம் புடிச்சுக்கிட்டுத் தூங்கின கை. மறக்குமா?

மலாக்கி: ...சரி. அவன் துணிமணி எங்க? வித்தியா, அடகு வெச்சியா?

நாப்லா: என்ன பெரிய துணிமணி... ஒரு மேல்சட்டை. அதைப் போட்டுக்கிட்டேதான் போனார்.

மலாக்கி: எங்க போனார்?

நாப்லா: குழிக்குத்தான்.

மலாக்கி: குழிக்கு மேல்சட்டையோடவா? இந்த மாசிக் குளிர்ல, புள்ளை மேல ஒரு சாக்கு மட்டும் கிடக்க, நல்ல சட்டையை மண்ணுல போட்டு மூடினியா? துளைக்கோல் கல்லுல தட்டுது தாயே.

நாப்லா: எத்தனை கேள்விய்யா! ஒரு சட்டி கஞ்சிக்கு எத்தனை கேள்வி! பாவ சங்கீர்த்தனத்துக்குப் போனாக்கூட மூணு கேள்விதான் கேப்பார் பாதிரியார்.

மலாக்கி: அவர் கையில இருக்குறது மேல உலகம். அங்க இடம் நிறைய. இங்க எண்ணூறு பேர் கொள்ற இடத்துல ஆயிரத்து எழுநூறு பேர். போதும், கேள்வி முடிஞ்சுது. இந்தா பேனா. இதோ, இந்த வரிக்கு நேரா ஒரு சிலுவைக் கீறல் போடு.

நாப்லா: என்ன வரி அது?

மலாக்கி: 'நாப்லா லூபி. விதவை. கணவன் டோனக் லூபி இறந்துவிட்டான்.'

நாப்லா: சிலுவையா போடணும்?

மலாக்கி: எழுதத் தெரியாதவங்க எல்லாரும் அதைத்தான் போடுறாங்க. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு.

நாப்லா: வட்டம் போடுறேன்.

மலாக்கி: வட்டம் செல்லாது.

நாப்லா: கைநாட்டு?

மலாக்கி: சிலுவைதாம்மா. சீக்கிரம். வெளிய நாப்பது பேர் நிக்குறாங்க.

நாப்லா: ஐயா... வாயால சொல்றது காத்தோட போயிடும். சிலுவை போட்டுச் சொன்னா அது சத்தியம்.

மலாக்கி: சத்தியம்தான். அதனால?

நாப்லா: சத்தியம் பண்ணிட்டா... அந்தச் சொல்லு அவரைத் தேடிக்கிட்டுப் போயிடும்.

மலாக்கி: செத்தவனைத் தேடிப் போயி அது என்ன பண்ணப் போகுது? நாப்லா, பேனா காயுது.

நாப்லா: அவர் சாகல.

மலாக்கி: ம்.

நாப்லா: சாகலய்யா! இந்த மாச ஆரம்பத்துல, பிரிகிட் திருநாளுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை லிம்ரிக்குக்கு நடந்தார். அங்கேர்ந்து கப்பல்ல லிவர்பூல். துறைமுகத்துல மூட்டை தூக்குறவனுக்கு ஒரு நாளைக்கு மூணு ஷில்லிங்காம். மாசக் கடைசியில காசு அனுப்புறேன்னார். அதுக்குள்ள கூரை போயிடுச்சு. ஓடிப்போனார்னு சொன்னாக் கதவுல பேரு தொங்கும், திரும்பி வர்றப்போ ஜெயிலு. அதான் நானே என் வாயால அவரைக் கொன்னேன். இப்ப என்ன, வெளிய போகச் சொல்றீங்களா? நான் போயிடுறேன். அவளை மட்டும்...

மலாக்கி: பாதிக் குடும்பத்துக்கு...

நாப்லா: வாசல் இல்ல! தெரியும்! அப்போ ஓடிப்போனார்னே எழுதுங்க. கதவுல தொங்கட்டும். ஜெயில்ல கல்லு உடைச்சாலும் உயிரோட உடைப்பார்ல. அந்த வரியை அடிங்க.

மலாக்கி: அடிக்க மாட்டேன்.

நாப்லா: ஏன்?

மலாக்கி: இந்தப் புத்தகத்துல அடிச்சா போர்டுக்குப் பதில் சொல்லணும். எழுதினது எழுதினதுதான். சிலுவையைப் போடு. புள்ளைக்கு ராத்திரிக்கும் கஞ்சி கிடைக்கும்.

நாப்லா: பொய்னு தெரிஞ்சும் போடச் சொல்றீங்களா? நீங்கெல்லாம் மனுசனா?

மலாக்கி: அதுக்கு இந்தப் புத்தகத்துல கட்டம் கிடையாது. ...ஏம்மா, இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் நடக்க அவனுக்கு வேற ஒண்ணும் குடுத்து அனுப்பலியா?

நாப்லா: குடுக்க என்ன இருந்துச்சு? என் பாவாடையைக் கிழிச்சு மேல்சட்டைக்கு உள்பக்கம் வெச்சுத் தெச்சேன். அவ்வளவுதான்.

மலாக்கி: நல்ல காரியம். அந்தச் சிவப்புத் துணி குளிர் தாங்கும்.

நாப்லா: சிவப்புன்னு நான் சொல்லலியே.

மலாக்கி: இந்தக் கரையில எந்தப் பொம்பளைக்கு வேற நிறத்துல பாவாடை இருக்கு? எல்லாமே சிவப்புதானே.

நாப்லா: ஆமா... அதுவும் சரிதான்.

மலாக்கி: போடும்மா.

நாப்லா: வேண்டாம்யா. என்னால முடியாது.

மலாக்கி: அவன்கிட்டச் சொன்னியா? இடது பக்கம் ரெட்டைத் தையல் போட்டியே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு?

நாப்லா: சொல்லல. சொன்னா வாங்கிக்க மாட்டார், 'புள்ளைக்கு வெச்சுக்க'ன்னு திருப்பிக் குடுத்துடுவார்னு... ஐயா. ரெட்டைத் தையலைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. ஊனாவுக்குக் கூடத் தெரியாது. உங்களுக்கு எப்படி... ஏன் தலையைக் குனியிறீங்க? அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு? என் விரலை அங்க வைங்க, எனக்குப் படிக்கத் தெரியாது. படிங்கய்யா.

மலாக்கி: படிக்குறேன். உக்காரு. ...'டோனக் லூபி. வயது முப்பத்தொன்று. செம்பட்டை முடி, இடது கையில் சுண்டு விரல் இல்லை. எட்டாம் தேதி, செவ்வாய். காய்ச்சலோடு வாசலில் விழுந்து கிடந்தவன்.' கேட்ட முதல் கேள்விக்கே அவனும் உன்னை மாதிரியேதான் சொன்னான் தாயே. எழுதியிருக்கேன் பாரு: 'மனைவி நாப்லா, மகள் ஊனா, இருவரும் இறந்துவிட்டார்கள்.' பாதிக் குடும்பத்துக்கு வாசல் இல்லன்னு அவனுக்கும் யாரோ சொல்லி வெச்சிருந்தாங்க. நீ பேரு சொன்னப்பவே இந்தப் பக்கத்தைத் திருப்பிட்டேன். வேற லூபியா இருக்கணுமேன்னுதான் ஒவ்வொரு விரலா எண்ணினேன். சிலுவையை முதல்ல வாங்கிட்டா, கணக்கை அப்புறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன். 'இறந்தது பதினஞ்சாம் தேதி, கறுப்புக் காய்ச்சல்.' இன்னைக்குப் பதினெட்டு. உன் சொல்லு மூணு நாள் பிந்தித்தான் வந்துச்சு நாப்லா. அது யாரையும் தேடிப் போகல, உன் பேர்ல அந்தக் கடன் கிடையாது. மிச்சத்தையும் கேட்டுக்க. ஏழு நாள் தங்கினதுக்கு ஒரு ஷில்லிங் மூணு பென்னி, பொதுக் கணக்கு. சவப்பெட்டிக்குச் செலவில்ல, அடி திறக்குற பெட்டி, அவனைக் குழியில இறக்கிட்டுத் திரும்பி வந்துடுச்சு. இன்னைக்கு வரவு, பொம்பளை ஒண்ணு, குழந்தை ஒண்ணு. பாக்கி, மேல்சட்டை ஒண்ணு, உள்ள சிவப்புத் துணி. இடது பக்கத் தையலைத் தடவிப் பாத்தா உள்ள மூணு பென்னிக் காசு ஒண்ணு, அவன் கண்ணுல படவே இல்ல, தையல் பிரியாம அப்படியே இருக்கு. விடுதி குடுக்க வேண்டியது, விதவை நாப்லா லூபிக்கு.