தொட்டால் திறக்கும் பொட்டலமும் என் அக்காவின் பல்செட்டும்

விழாவுக்குத் தலைமை தாங்கி, சற்றுமுன் வரை புன்னகையோடு வீற்றிருந்து, இப்போது ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு போராடிக்கொண்டிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மேலாளர் பெருமக்களே! இந்தப் பொட்டலத்தை வரைந்து, வார்த்து, வண்ணம் தீட்டிய வடிவமைப்பாளத் தம்பியே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துவிட்ட பெரியோர்களே! கைப்பைக்குள் ஊக்கு, ஊசி, நகவெட்டி என்று தற்காப்போடு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், எதிர்ச்சாரியில் பல் மருத்துவமனை நடத்தும் எளியவனின் வணக்கம்!

பிஸ்கட் பொட்டல வெளியீட்டு விழாவில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விற்பனை மேலாளர் போன வாரம் என் கிளினிக்குக்கு வந்தார். "டாக்டர், நம்ம புதுப் பாக்கெட்டைப் பத்தி மேடையில நாலு நல்ல வார்த்தை சொல்லணும்" என்றார். சொல்லாமல் இருப்பேனா? நான் நன்றி மறந்தவனா? என் கிளினிக்கில் குளுகுளுவென்று ஓடுகிறதே ஏசி, அது யார் தந்தது? பல்லால் கடித்துத் திறந்த எண்ணெய் உறை தந்தது! ஏறி இறங்கும் நாற்காலி யார் தந்தது? சாஸ் பாக்கெட் தந்தது! என் மகளின் கல்லூரிப் படிப்பு? அது முழுக்க முழுக்க பால் பவுடர் டப்பாவின் மூடியால் வந்தது, பெரியோர்களே!

புதுமை வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் எது புதுமை? ‘இங்கே கிழிக்கவும்’ என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அந்த அம்புக்குறி காட்டும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடமும் கிழிகிறதே, அது புதுமையா? ‘அழுத்தித் திருகவும்’ என்கிறது மூடி. அழுத்தினால் திருக வரவில்லை, திருகினால் அழுத்த வரவில்லை, இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஜாம் சட்டைக்கு வந்துவிடுகிறதே, அது புதுமையா? ‘மீண்டும் ஒட்டிக்கொள்ளும்’ என்று எழுதிய உறை, விரலோடு ஒட்டிக்கொண்டு வீடு முழுக்கக் கூடவே வருகிறதே, அதுவும் புதுமையா?

யாரது, கடைசி வரிசையில் "ஆமாங்க, ஆமாங்க" என்பது? ஐயா, உங்கள் குரலில் அனுபவம் தெரிகிறது. முன்பல்லில் காற்றும் தெரிகிறது. நாளைக் காலை வந்து என்னைப் பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் என் அக்காவின் கதையைக் கேட்டபின் சிரிப்பீர்களா என்று பார்க்கிறேன்.

இதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கை விரல் மூட்டுகளெல்லாம் வீங்கி, பிடி போய்விட்டது. காலையில் ஒரு டீ, அதில் நனைக்க உங்கள் பிஸ்கட் இரண்டு. அவருடைய நாள் அதில்தான் தொடங்கும். உங்கள் பழைய பொட்டலம் எப்படி இருக்கும்? காகிதத்தில் சுற்றி இரு முனையையும் முறுக்கி வைத்திருப்பீர்கள். முனையை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டினால் போதும், பிரிந்துவிடும். விரலே வேண்டாம். போன மாதம் இந்தப் புதுப் பொட்டலத்தை மாதிரிக்கு வீடு வீடாகக் கொடுத்தீர்களே, அதில் ஒன்று அக்காவுக்கும் வந்தது. பெயர் என்ன? ‘தொட்டால் திற’! அக்கா தொட்டார். திறக்கவில்லை. தடவினார். திறக்கவில்லை. திட்டினார். அதற்கும் திறக்கவில்லை! கடைசியில் கடித்தார். பொட்டலம் முழுசாக இருந்தது. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்த பல்செட்டு இரண்டாகிவிட்டது.

"ஏன் அக்கா, பக்கத்து வீட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன்.

"ஒரு பிஸ்கட் திங்க ஒருத்தன் கையை எதிர்பார்க்கணுமாடா? வெறும் டீயே குடிச்சிட்டுப் போறேன். நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

பல்லை நான் ஒட்டிவிட்டேன். அந்தச் சொல்லை என்னால் ஒட்ட முடியவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுச் சமையலறையில் நின்று எனக்கு அழுகை வந்தது. ஊரையே ஆட்டிப் படைத்த கணக்கு டீச்சர், ஒரு பிஸ்கட் முன்னால் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதைக் கண்ணால் கண்டேன்!

இன்று தலைவர் மேடையில் வைத்திருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், நாளை முதல் பழைய பொட்டலம் கிடையாது. எந்திரம் முழுக்கப் புதியதற்கு மாறிவிடும். அழுத்துவதற்கு முன் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

இன்று காலை உங்கள் சோதனை அறையைப் பார்த்தேன். அடடா, என்ன சுத்தம்! என்ன வெளிச்சம்! சோதிப்பவர்கள் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கத்தரிக்கோல், நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். "இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "முனையில லேசா ஒரு வெட்டு வெட்டிட்டு அப்புறம் இழுப்போம் சார்" என்றது அந்தப் பெண். "வெட்டாம இழுத்தா?" "அப்படி யாரும் இழுக்க மாட்டோமே சார். எப்பவும் வெட்டிட்டுத்தான் ‘சுலபம்’னு டிக் போடுவோம்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் அப்படித்தான். பொட்டலம் செய்கிற இடமல்லவா, பேனா இல்லாமல்கூட வருவார்கள், கத்தரிக்கோல் இல்லாமல் வரமாட்டார்கள். நம்பவில்லையா? இதோ, தலைவர் அவர்களையே பாருங்கள்! இவ்வளவு நேரம் பொட்டலத்தோடு மல்லுக்கட்டியவர், இப்போது சட்டைப் பைக்குள் கையை விட்டு... ஆ! எடுத்துவிட்டார் ஐயா, எடுத்தேவிட்டார்! கத்தரிக்கோல்!

கைதட்டல் போதும், போதும். தலைவர் கையிலிருப்பதையே உற்றுப் பார்க்கிறார். ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் ஐயா.

"டாக்டர், இதை நான் எப்ப எடுத்தேன்னே எனக்குத் தெரியல."

கேட்டீர்களா? இதைவிட நான் என்ன சொல்ல! கத்தரிக்கோல் வைத்திருப்பவருக்கு எல்லாப் பொட்டலமும் சுலபம். வெறுங்கையோடு இருப்பவரிடம் கேட்க வேண்டாமா? வீங்கிய விரலிடம் கேட்க வேண்டாமா? ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பால் உறையுமாக நிற்கும் தாயிடம் கேட்க வேண்டாமா? அவர்கள் திறந்தால் திறந்தது! அவர்கள் திறக்காவிட்டால், தங்கத் தகட்டில் சுற்றினாலும் அது பொட்டலமல்ல, பூட்டு!

தலைவர் எழுந்துவிட்டார். சிவப்புப் பொத்தானை நோக்கிப் போகிறார்... இல்லை, அதன்மேல் தன் கைக்குட்டையைப் போட்டு மூடுகிறார்! "இன்னைக்கு இது வேண்டாம்" என்கிறார். வடிவமைப்பாளத் தம்பியும் தலையாட்டுகிறார். அவர் கையிலும் ஒரு திறக்காத பொட்டலம். மூன்றாம் வரிசையில் இருக்கும் என் அக்காவைக் கைகாட்டி, "டீச்சர், அடுத்த மாதிரியை நீங்கதான் முதல்ல திறந்து பார்க்கணும். எங்க டெஸ்ட் ரூமுக்கு வருவீங்களா?" என்கிறார் தலைவர்.

அக்கா என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி... "வர்றேன். ஆனா கத்தரிக்கோலையெல்லாம் முதல்ல என்கிட்ட ஒப்படைச்சிடணும். அப்புறம் டீ நல்லா சூடா இருக்கணும்!"

பார்த்தீர்களா, என் அக்கா திரும்பி வந்துவிட்டார்!

என் தொழிலுக்கு நானே குழி தோண்டும் வாய்ப்பைத் தந்த நிறுவனத்துக்கும், பசியோடு பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மைக் பிடித்த தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாசலில் உங்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்து, இப்போது மடியில் இருக்கும் பொட்டலத்தை யாரும் பல்லில் வைக்காதீர்கள். மீறி வைத்தால், எதிர்ச்சாரியில்தான் இருக்கிறேன். என் கிளினிக் கதவில் அம்புக்குறி கிடையாது. முழங்கையால் தள்ளினாலே திறக்கும். வணக்கம்!