பதினொன்றாவது பெயர்

மெத்தோடி: இன்னொரு தடவை படிக்கிறேன், கேட்டுக்கோ. நெவேனா ஸ்லாவோவா, மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரண்டு ஓட்டு.

நெவேனா: அண்ணே, முதல்ல கண்ணாடிய மாத்து.

மெத்தோடி: கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. தேர்தல் ஆணையம் இப்போ ஒட்டின பட்டியல் இது. நீ எம்.பி. ஆயிட்டே.

நெவேனா: நான்... ஆம்புலன்ஸ் நர்ஸ். பத்து மணிக்கு எனக்கு டியூட்டி.

மெத்தோடி: அதையேதான் கட்சி ஆபீஸ்ல சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல.

நெவேனா: பட்டியல்லயே கடைசி ஆளு நான். பதினொண்ணாவது. இடம் காலியா கெடக்குன்னு நீதானே பேரைக் கொடுத்தே?

மெத்தோடி: கொடுத்தேன். ஓட்டுச் சீட்டுல நம்ம கட்சிக்குக் குலுக்கல்ல விழுந்த நம்பர் என்ன?

நெவேனா: அதுவும் பதினொண்ணு.

மெத்தோடி: அங்கதான் வினை. இடது பக்கம் கட்சி நம்பருக்கு ஒரு குறி. வலது பக்கம், அந்தக் கட்சியில உனக்குப் பிடிச்ச ஆளோட நம்பருக்கு ஒரு குறி. நம்ம ஜனம் ரெண்டு பக்கமும் பதினொண்ணையே குறிச்சிட்டு வீட்டைப் பாக்கப் போயிருச்சு.

நெவேனா: எல்லாருமா?

மெத்தோடி: பின்னே? மாவட்டத்துல நமக்குக் கிடைச்சது ஒரே இடம். கட்சி முதல் ஆளா வச்சிருந்தது வக்கீல் தோப்ரினோவை. ஆனா, ஆளுக்குன்னு விழுந்த குறியில நீ அவரைத் தாண்டிட்டே. சட்டப்படி இடம் உனக்கு.

நெவேனா: அவரு என்ன சொல்றாரு?

மெத்தோடி: தலைநகரம் சோஃபியாவுல, பதவியேற்கப் போக டை கட்டிக்கிட்டு இருந்தாராம். சேதி கேட்டு, பாதி டையோட உட்கார்ந்துட்டாராம்.

நெவேனா: சிரிப்பு மூட்டாதே. சபையில இருநூத்தி நாப்பது பேர்ல நான் ஒருத்தியா?

மெத்தோடி: அந்த ஒண்ணுலதான் ஆட்சியே நிக்குது. நம்ம கூட்டணிக்கு உன் இடம் இல்லாம நூத்தி இருபது இருக்கு. இன்னும் ஒண்ணு வேணும்.

நெவேனா: சுடச்சுட வச்ச பனித்சா பலகாரம் ஆறுது. ஏன் உட்காரவே மாட்டேங்கிறே?

மெத்தோடி: இருக்கட்டும்... தங்கச்சி, இது உனக்குப் போட்ட ஓட்டு இல்ல. கை தவறிப் போட்டது. 'எனக்கு வேண்டாம்'னு ஒரு வரி எழுதிட்டா வக்கீல் உள்ள போயிடுவாரு.

நெவேனா: அவரு நம்ம மலைக்கு எத்தனை தடவை வந்திருக்காரு?

மெத்தோடி: ஒரு தடவை. மலை வளைவுல கார் வழுக்குதுன்னு பாதியில திரும்பிட்டாரு.

நெவேனா: நம்ம பக்கத்து வீட்டு ரலித்சாவுக்குப் பிரசவம் ஆனது அந்த வளைவுலதான். இங்க பிரசவ வார்டை மூடியாச்சு. பெரிய ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். பனியில வண்டி நகரல. பிள்ளையை என் கோட்டுக்குள்ள வச்சிருந்தேன். அங்க போய் இறக்கும்போது... சில்லுன்னு இருந்துச்சு.

மெத்தோடி: தெரியும்மா.

நெவேனா: வார்டுக்குப் பணம் ஒதுக்காத பட்ஜெட்டுக்கு, போன சபையில நம்ம ஊர் எம்.பி.யா உட்கார்ந்து கை தூக்கினது யாரு?

மெத்தோடி: தோப்ரினோவ்தான். கட்சி சொன்னா தூக்கித்தானே ஆகணும்?

நெவேனா: அவரை அனுப்பினது கட்சியா, நாமளா?

மெத்தோடி: அதை விடு. மணி என்ன ஆச்சு?

நெவேனா: வாசல்ல யாரு கார் அது? வந்ததுலேர்ந்து ஜன்னலையே பாக்குறே.

மெத்தோடி: மாவட்டச் செயலாளர். உன் கையெழுத்துக்கு வந்திருக்காரு.

நெவேனா: நான் போடறேன்னு யாரு சொன்னது?

மெத்தோடி: நான்தான். எண்ணிக்கை கசிஞ்சதுமே, நேத்தே வாக்குக் கொடுத்துட்டேன்.

நெவேனா: என்னைக் கேக்காமயா? பதிலுக்கு என்ன?

மெத்தோடி: வனத்துறையில வேலை. அம்பத்திமூணு ஆச்சு எனக்கு, இன்னும் எத்தனை நாள் செயலாளருக்குக் கார் ஓட்டறது?... அப்படிப் பாக்காதே. தவறி வந்த இடம்தானே? நீ யாருகிட்டயும் போய் ஓட்டுக் கேக்கல. திருப்பிக் கொடுக்கறதுல என்ன பாவம்?

நெவேனா: கீழ்ப்பக்கத்து ஊருல வேணா தவறி விழுந்திருக்கும். நம்ம மலையில ஒண்ணுகூடத் தவறல அண்ணே. டியூட்டி முடிஞ்சு ஊசி போடப் போன வீட்டுல எல்லாம், சீட்டை வரைஞ்சு காட்டி, 'ரெண்டு பக்கமும் பதினொண்ணு'ன்னு ஒரு மாசமாச் சொல்லிக் கொடுத்தது நான்தான். வக்கீலுக்கு ஒரு பயம் காட்டணும்னுதான் சொன்னேன்... இத்தனை பேரு என் பேச்சைக் கேப்பாங்கன்னு நெனைக்கவே இல்ல.