சனிக்கிழமை பின்னேரம் ஏலாது

தாட்சாயினி: ...ஏலாது எண்டா என்னடா கதை? சனிக்கிழமை பின்னேரம் பொம்பிளை பாக்க வாறம் எண்டு அவையளுக்குச் சொல்லிப்போட்டன்.

நிஷான்: ஐயோ சின்னம்மா... ஞாயிறு வைப்பமே?

தாட்சாயினி: இருபத்தெட்டு வயசாச்சு. சுவிஸில இருந்து அக்கா ஒரே போன். நீ என்னெண்டா, லீவுக்கு வந்தனான் எண்டுறாய், விடிஞ்சா ஆளைக் காணேல்லை.

நிஷான்: புரோசார்ட்டுக்குப் போறனான்... கடை பாக்க.

தாட்சாயினி: காலமை ஏழு மணிக்கு எந்தக் கடையடா திறந்திருக்கு?

நிஷான்: அது... உடுப்புக்கடை...

தாட்சாயினி: சரி, சரி. கலியாணத்தை ஏன் இப்பிடி இழுக்கிறாய்?

நிஷான்: சிலது பிந்தித்தான் சரிவரும் சின்னம்மா. சுவிஸில எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன், ஐஸ் ஹொக்கியில கோல் காக்கிற கோலி. அவனையும் இப்பதான் இஞ்ச கனடாப் பெரிய லீக்குக்கு எடுத்திருக்கினம்.

தாட்சாயினி: இப்பதானோ? அவ்வளவு மோசமான கோலியே?

நிஷான்: மோசமில்லை! அடிக்கிறவன்ர தோளைப் பாத்தே பக், அந்த ரப்பர் வட்டு, எங்க வரும் எண்டு விளங்கவேணும். அது நிண்டு நிண்டுதான் பிடிபடும்.

தாட்சாயினி: முந்தியே இஞ்ச வந்து நிண்டிருக்கலாந்தானே?

நிஷான்: ஒரு ரீமுக்கு ரெண்டு கோலிதான். சின்னனில வந்தா வாங்கில இருந்து தண்ணி குடிக்கவேண்டியதுதான். சுவிஸில எண்டா மச்சுக்கு மச் நிக்கலாம்.

தாட்சாயினி: ஓ... பிலாப்பழம் மாதிரி. மரத்திலயே முத்தோணும்.

நிஷான்: சிரியுங்கோ! வந்தாலும் லேசில்லை. அங்க ஐஸ் அகலம், இஞ்ச ஒடுக்கம். கண் வெட்ட முந்தி பக் நெஞ்சில நிக்கும். பழகின கோணமெல்லாம் பிழைக்கும். திரும்ப அரிவரியில இருந்து தொடங்கோணும்.

தாட்சாயினி: பயமோ அவனுக்கு?

நிஷான்: ...ஓம். ஒரு மச்சைக் கோட்டைவிட்டா அடுத்த பிளேனில ஏத்திவிடுவாங்கள். அதுதான் சொந்தக்காரர் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை.

தாட்சாயினி: தோத்தா சொந்தக்காரர் சோறு போடமாட்டினமே?

நிஷான்: போடுவினம்... கதையும் சேத்துப் போடுவினம்.

தாட்சாயினி: ம்... முதல் மச் எப்பவாம்?

நிஷான்: சனிக்கிழமை பின்...

தாட்சாயினி: பின்?

நிஷான்: ...பின்னேரம். சின்னம்மா... அந்தப் பெடியன் நான்தான்.

தாட்சாயினி: அப்பாடா! ஒரு கிழமையா உன்ர வாயைக் கிண்டினது இதுக்குத்தான். பொம்பிளையும் இல்லை, ஒண்டும் இல்லை. விடிய விடிய நீ புரோசார்ட்டுக்குப் போறது கடைக்கில்லை, ரீமோட ஐஸில பழக எண்டும் தெரியும். இது மொன்றியலடா மோனை! நீ பிளேனால இறங்க முந்தியே பிரெஞ்சு ரிவியில உன்ர முகம் வந்திட்டுது. அக்கான்ர பெடியன் எண்டு மூலைக்கடை தெப்பனர்க்காரனுக்கும் சொல்லிப்போட்டன். பால் வாங்கப் போனா, "மதாம், இடக்கைப் பக்கம் கவனமா நிக்கச் சொல்லுங்கோ" எண்டு எனக்குப் பாடம் எடுக்கிறான். சித்தப்பா செயின்ட்-மிஷேல் பக்கத்து எங்கட சனத்துக்கெல்லாம் வான் பிடிச்சு வைச்சிருக்கிறார். உன்ர கோல் வலைக்கு நேர பின்னாலதான் இருப்பம்... நீ பக்கைப் பார், எங்களைத் திரும்பிப் பாக்காதை!