ஒலிபெருக்கிக்கு வந்த வால்வு

ஜப்பான்காரர் ஆட்சியில் வேலை நின்றுபோன போர்டிக்சன் தோட்டத்தை விட்டு, பெடாஸ் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வழியில் மரவள்ளிக்கிழங்கு வாங்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும், ரேடியோ பழுது பார்ப்பவரும் தணிந்த குரலில் பேசினார்கள்.

“பெட்டியில வேற வால்வு போட்டதும் தோட்டத்து ஒலிபெருக்கி ரொம்ப நல்லாக் கேக்குதுங்கய்யா. அதான் பயமா இருக்கு.”

“ஜப்பான்காரன் சிரிச்சுக்கிட்டுத்தானே போனான்?”

“வால்வு ஏதுன்னு கேட்டான். நாளன்னிக்கு வந்து பாக்குறேன்னான்.”

“எங்கதான் எடுத்த?”

“உங்க கோழிக்கூட்டுக்கு அடியில இருக்குற ரேடியோவிலதான். வீட்டம்மா கழட்டிக்கச் சொன்னாங்க.”

“பாவி. ரேடியோவ ஒப்படைச்சாச்சுன்னு ஜப்பான்காரன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்லா.”

“அப்ப வால்வக் கோழி போட்டுச்சுன்னா சொல்றது?”

கிராணி கிழங்கு வாங்காமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அந்தக் கிராணியின் தோட்டத்தில் வேலை கேட்டேன். தன் வீட்டுக் கோழிக்கூட்டைப் பிரித்துவிட்டு அங்கே மரவள்ளி நடச் சொன்னார் கிராணி. சேர்ந்துகொண்டேன். ஒரு சாண் குழியில் ஊன்றும் மரவள்ளிக்கு இடுப்பளவு குழி வெட்டியது அன்றுதான்.