முள்ளெலிச் சீட்டும் தங்க டிராகனும்

"அண்ணே, ஒரு விடுகதை போடுறேன். ஆறு பேரு வட்டமா உக்காந்து சீட்டு ஆடுறாய்ங்க. ஒருத்தன் கையில தங்க டிராகன். மத்த அஞ்சு பேரு கையில நத்தை, ஓணான், தவளை... இந்த மாதிரி. மொதல்ல தோத்து எந்திரிக்கிறது யாரு? ம்ஹூம். நத்தைக்காரன் இல்ல. டிராகன்காரன்தான்."

பழங்காநத்தத்தில் பேனா, நோட்டு, பம்பரம் எல்லாம் விற்கிற செல்வக்குமாருக்கு, கடைக்கு யார் வந்து என்ன கேட்டாலும் முதலில் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டியாக வேண்டும். இன்று அகப்பட்டவர் ஹரிராம். போன மாதம்தான் எதிர் வீட்டுக்குக் குடிவந்தவர். மகள் ஸ்ரீவர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மிருகச் சீட்டு ஆட்டத்துக்கு நல்ல சீட்டாகக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

"நல்ல சீட்டுன்னா எது நல்ல சீட்டு? அதைச் சொல்லுங்க மொதல்ல. ஆளுக்கொரு கட்டு, அவனவன் சேத்த சீட்டு. மிருகத்தை விட்டு அடிச்சு அடுத்தவன் உசுரைக் கொறைக்கணும். யாரை அடிக்கணும்னு சட்டம் கிடையாதுல்ல... டிராகன் வந்து உக்காந்ததும் அஞ்சு பயலும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பாய்ங்க. அம்புட்டுதான். காலையில சட்டையக் கிழிச்சுச் சண்டை போட்டவய்ங்ககூட அதுல ஒண்ணு சேந்துருவாய்ங்க. நம்ம பாப்பாவுக்கு அதானே நடக்குது? நீங்க டவுனுக்குப் போயி மினுமினுங்குற சீட்டாப் பாத்து வாங்கிக் கொடுத்திருக்கீங்க. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ஜரிகையும் மினுக்குமா வந்து உக்காருது. வாரா வாரம் மொத ஆளா வெளியேறி, நம்ம கடை மாடிப்படியில தனியா உக்காந்துக்கிட்டு வேடிக்கை பாக்குது. நான் பாக்குறேன்ல, இங்கன இருந்து.

"எம் மகன் முத்திருளனைப் பாருங்க. அந்தா, அந்தப் பிஸ்கட் டப்பாவுல கெடக்கு பாருங்க... பாக்கெட்டைப் பிரிச்சு, 'ச்சீ'ன்னு பயலுக போட்டுட்டுப் போன சீட்டு. அதுல பொறுக்குன கட்டுதான் அவன் கட்டு. முள்ளெலின்னு ஒண்ணு. அடிச்சா, அடிச்சவனுக்கும் ஒரு குத்து. சும்மா இருக்கிறவன்கிட்ட எவன் போயி குத்து வாங்குவான்? அப்புறம் ஆலமரம். அதைப் போட்டா எல்லாருக்கும் ஆளுக்கொரு சீட்டு ஓசி. 'முத்திருளா, இன்னொரு மரம் போடு மாப்ள'ன்னு கெஞ்சுறாய்ங்க. ஓசி கொடுக்குறவனை அடிப்பாய்ங்களா? எலெக்சன்ல நிக்கிறவன் கணக்கா சிரிச்சுக்கிட்டே உக்காந்திருப்பான். கடைசியில ரெண்டு பேரு மிஞ்சுனதும் வெள்ளம்னு ஒரு சீட்டை எறக்குவான். மேல கெடக்குற அம்புட்டு மிருகமும் காலி. பெறகு ஒரு நத்தை... நத்தைண்ணே, அது ஊந்து போயி செயிச்சுட்டு வரும்.

"யாரு சொல்லிக் கொடுத்ததா? அவனுக்கு ஏது அம்புட்டு மூளை, நான்தான். அவனும் எந்நேரமும் இந்தக் கண்ணாடிப் பெட்டியையே பாத்துக்கிட்டுத் திரிவான். யாவாரச் சரக்குல கைய வச்சா ஒடிச்சுருவேன்னு சொல்லி, அழுகாம இருக்க இந்த வித்தையச் சொல்லிக் கொடுத்தேன். இப்ப தெருப்பய பூராம் அதைப் படிச்சுக்கிட்டான். வந்து நின்னு, 'அண்ணே, முள்ளெலி இருக்கா'ங்குறான். டிராகன், சிங்கம், கழுகு எல்லாம் பெட்டிக்குள்ளயே கெடக்கு. சரக்கு போடுறவன் திருப்பி எடுத்துக்க மாட்டேங்குறான்.

"இதுல கூத்து என்னன்னா, அது ரெண்டு பேரு ஆடுற ஆட்டம்ணே. அட்டையிலயே போட்டிருக்கு. ரெண்டு பேருன்னா டிராகன்தான் ராசா. சீட்டை வச்சு ஆட நம்ம மாடியில இருக்குறது ஒரே ஒரு கேரம் போர்டு, மேசை மாதிரி தண்ணி ட்ரம்மு மேல வச்சிருக்கு. ரெண்டு பேரு ஆட, மத்தவய்ங்க எல்லாம் 'என் முறை, உன் முறை'ன்னு ஒரே கூப்பாடு. மத்தியானம் ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. கடுப்புல ஒருத்தன் மேல போயி, 'எல்லாரும் சுத்தி உக்காருங்கடா, யாரும் யாரையும் அடிக்கலாம்'னு சட்டம் போட்டான். அன்னைக்குச் செத்துச்சு டிராகன். எந்த மடையன் அவன்னு கேக்காதீங்க... இந்தா, உங்க எதிர்ல நிக்குறானே, அவன்தான்.

"சரி, விடுங்க. நாளைக்கு முத்திருளனுக்குப் பொறந்தநாளு. கேக்கு வெட்டிட்டு மாடியில பெரிய ஆட்டம். பாப்பாவையும் கூப்பிட்டிருக்கான்ல? அதுக்குத்தானே வந்திருக்கீங்க... என்ன பாப்பா, அப்பா காதுல குசுகுசுங்குற? உங்க சௌராஷ்டிரப் பாஷை எனக்குப் புரியாதுங்குற தைரியம். சும்மா தமிழ்லயே சொல்லு. டிராகனா, டப்பாவா? டிராகனை எடுத்துக்கம்மா. எம்புட்டு லட்சணமா இருக்கு பாரு. இம்புட்டு நேரம் நான் சொன்னதை எல்லாம் மறந்துரு..."

ஸ்ரீவர்ஷினி பிஸ்கட் டப்பாவில் தேடித் தேடி, முள்ளெலியும் ஆலமரமுமாக ஒரு கட்டு சேர்த்துக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து தங்க டிராகனையும் எடுத்தாள். அதை மட்டும் பரிசுத்தாளில் சுற்றி, மேலே முத்திருளன் பெயரை எழுதித் தரச் சொன்னாள்.