மஃப்ளரில் கூடுதலாய் ஒரு வரி

– இல்லவே இல்லங்குது ஷாஸியா. சாஃப்ட்வேர்ல நாலு தடவ ஓட்டிப் பாத்துட்டேன்.

– எது, அந்தப் பூண்டுப் புரதமா? இருபத்திரண்டு வருசங் கழிச்சு கொடைக்கானல் வந்தவ, என் கடையில ஒரு ஸ்வெட்டர் எடுப்பேன்னு பாத்தா லேப்டாப்பைத் தொறக்குற. நல்ல சோலிடி ரோகிணி!

– வெளையாடாத. என் ஸ்டூடண்ட் ஜெயப்பிரியா அதே போளூர் மலைப்பூண்டுல அந்தப் புரதத்தைத் திரும்ப எடுத்துப் பாத்திருக்கா. பூஞ்சையை எதிர்க்கிற புரதக் குடும்பத்தோட அடையாளம் அதுல இருக்குங்குறா. அமினோ அமிலத்துக்கு ஒரு எழுத்துன்னு நாம அன்னைக்கு வரிசையா ஏத்துன ஃபைல்ல அது இல்ல. அவ தப்புன்னு நாளைக்கு நான் எழுதிக் குடுத்தா, அவ மூணு வருச உழைப்பு போச்சு. சரியா?

– அடையாளம்னா அதே சங்கதிதானே? சி, நடுவுல எதுவோ ரெண்டு எழுத்து, திரும்ப சி.

– அடியே, இன்னுமா ஞாபகம்!

– பின்ன? நான் தாளைப் பாத்து வாசிக்க, நீ டைப் அடிச்ச. கரெண்டு போனா ஒரே கம்பளிக்குள்ள உக்காந்து சிவப்புப் பென்சிலால வட்டம் போடுவோம். கரெண்டு வந்தா அய்யோன்னு இருக்கும்.

– அந்தத் தாளுக்குத்தான் வந்தேன். இருக்கா?

– கடை ஒழுகுன வருசமே ஊறிப் போச்சு. அதென்ன கழுத்துல, நான் பின்னிக் குடுத்ததா?

– ஆமா. கோயம்புத்தூர்ல இதுக்கு ஏது குளிரு? பீரோவுலயே கெடந்துச்சு. உங்க அத்தா கடையில மிஞ்சுன நூலெல்லாம் சேத்து, கலர் கலரா...

– மிஞ்சுன நூலா! கழட்டு இங்க. ஒரு எழுத்துக்கு ஒரு வரி. சி வந்தா மட்டும் சிவப்பு. இந்த ஓரத்துலேர்ந்து எண்ணு.

– ஏய்... முப்பது, முப்பத்தொண்ணு. சிவப்பு. பச்சை, நீலம். திரும்பச் சிவப்பு! ஃபைல்ல நடுவுல ஒண்ணுதான் இருக்கு.

– ரெண்டு.

– அப்ப அந்தப் பொண்ணுதான் சரி. நான் ஒரு எழுத்தை விட்டிருக்கேன். எந்தக் குடும்பத்துலயும் சேராத புரதம்னு இத்தன வருசமா மேடை மேடையா பேசியிருக்கேனே!

– நீ விடல ரோகிணி.

– பின்ன யாரு?

– அந்த அடையாளம் கெடச்சிருச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு மறுநாள் வெள்ளனே பழனி பஸ் ஏறியிருப்ப. எனக்கு அப்பவே நிக்காஹ் பேசியாச்சு. இவ இன்னும் ரெண்டு மாசம் என்கூட இருக்கட்டுமேன்னு வாசிக்கிறப்ப நான்தான் ஒரு எழுத்தை முழுங்குனேன். வாயால சொல்லப் பயந்துதான் கழுத்துல சுத்தி அனுப்புனேன். நீ ஒரு நாளும் எண்ணிப் பாக்கல.