வந்துட்டேன், வாயாடி

கம்ப்யூட்டரை அணைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது, மச்சான். உங்களையும் சேர்த்து யாரும் அதை மதிப்பதில்லை. வேலை முடிந்ததா, பிளக்கைப் பிடுங்கு, கிளம்பு. அப்புறம் அது எழுந்திருக்க அடம்பிடித்தால் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்.

உங்கள் தங்கையும் அப்படித்தான் வந்தாள், விபத்தில் முதல் புருஷனைப் பறிகொடுத்த மறு வருடம். அவருடைய பழைய கம்ப்யூட்டர் பெட்டி. கரண்ட் போய்ப் பாதியில் அணைந்ததாம், பிறகு எழவில்லை. சிதைந்த ஃபைல்களைச் சரிசெய்தேன். எழுந்தது, பேசவும் செய்தது.

“வந்துட்டேன், வாயாடி.”

ஆரம்பச் சத்தத்துக்குப் பதில் தன் குரலையே பதிந்து வைத்திருந்தார், குறும்புக்கார மனுஷன். அணைக்கும்போதும் பேசுவார்: “போய்ட்டு வர்றேன், அழாம இரு.” உங்கள் தங்கை கடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டிதான் எங்களுக்குத் தரகர் என்று எங்கள் கல்யாணத்தில் நீங்கள்கூடக் கிண்டலடித்தீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் காலையில் எனக்குக் காபி வைக்கும் முன் அதைத்தான் போடுவாள். சாயங்காலம் நான் வந்து பெல் அடித்தால் முதலில் போய் அதை அணைப்பாள். உள்ளே அவர் விடைபெறுவது வாசல்வரை கேட்கும். அவர் போன பிறகுதான் எனக்குக் கதவு திறக்கும்.

பொறாமை என்று சொல்லாதீர்கள். செத்தவர்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? யார் முதலில், யார் அப்புறம் என்பதுதான் பிரச்சினை.

எங்கள் வீட்டு மெயின் ஸ்விட்ச் வாசலோரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அதைக் கீழே தள்ளிவிட்டுக் கதவைத் தட்டினேன். “கரண்ட் போச்சுங்க” என்றபடி உடனே வந்து திறந்தாள். அவர் வாயைத் திறக்கவே இல்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்குக்குக் கரண்டை இப்படி அடிக்கடி வெட்டினால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு காலையில் அது எழவில்லை.

“ஏங்க, மத்ததெல்லாம் போனா போகட்டும். அந்தக் குரலை மட்டும் எப்படியாவது எடுத்துக் குடுங்க.”

“பார்க்கலாம்மா.”

சாகக் கிடக்கும் டிஸ்கைத் தொடுமுன் அதில் உள்ளதை வேறொன்றில் இறக்கி வைப்பது எங்கள் தொழில் பழக்கம். கை தானாகவே செய்துவிட்டது. குரல் பிசிறில்லாமல் வந்தது. போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். புது டிஸ்க் போட்டு, போட்டோக்களையெல்லாம் பத்திரமாக ஏற்றிக் கொடுத்தேன். பெட்டி எழும்போது வெறும் இசைதான் வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

அவளுக்குத் தேவை அந்தக் குரல்தானே, அதற்குப் பெட்டி எதற்கு என்று யோசித்தேன். கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டுக் கேட்டு, அதேபோல் பேசிப் பழகினேன். ‘வந்துட்டேன்’ என்பதில் ஓர் இழுப்பு. ‘வாயாடி’க்கு முன்னால் லேசான செருமல். அந்தச் செருமல்தான் சுலபத்தில் வசப்படவில்லை.

“என்னண்ணே, நாடகத்துல சேர்ந்துட்டீங்களா?” என்றான் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன்.

“ஆமாப்பா. ஹீரோ வேஷம்.”

ஒரு சாயங்காலம் மெயினை இறக்கிவிட்டு, மூடிய கதவின் முன் நின்று சொன்னேன். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஓடிவந்து திறந்தவள் என் தோளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

“இப்ப யாருங்க பேசினது?”

“யாரும் பேசலையேம்மா. நான் மட்டும்தானே நிக்கிறேன்.”

மறுபடி ஒரு நாள். மறுபடியும். டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்து, தண்ணீரை நீட்டுவதும் நான்தான். இந்த விஷயத்தில் நீங்கள் என்னைக் குறை சொல்ல முடியாது.

இப்போது நீங்கள் வந்து, “என் தங்கச்சிய இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறேன்” என்று அவள் துணிப்பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். அதனால்தான் உட்கார வைத்து இவ்வளவும் சொல்கிறேன். அவளுக்கு ஒரு வியாதியும் இல்லை. காதில் விழுந்ததெல்லாம் நிஜம். பேசியது நான். அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள்.

அதுவும் எல்லாம் சரியாகி வரும் நேரத்தில் அவளைக் கூட்டிப் போவது நியாயமில்லை. இப்போதெல்லாம் நான் மெயினைத் தொடுவதே இல்லை. நான் வாசலில் சொல்லி முடிக்கும் முன் கதவு திறந்துவிடுகிறது. “ஏன் இவ்வளவு லேட்டு?” என்கிறாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னிடம் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. கையைப் பிடித்தால் தோளில் சாய்ந்துகொள்கிறாள்.

நான் பேசி முடிக்கும்வரை கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொள்கிறாள். இத்தனை வருடம் ஆகியும் என்னிடம் அவளுக்கு அவ்வளவு வெட்கம்.